வெளிநாட்டிலிருந்து வரும் உழைப்புப் பணம் ஒரு சிறு நாட்டின் நாணய மதிப்பை எப்படி அசைக்கிறது: கணக்கிட்டு அறிய ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் எனப் பாலக்காட்டு எல்லையோரத்தில் தமிழ் பேசும் ஊர்களில், பிள்ளையோ மருமகனோ வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் மாதத் தொடக்கத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: இன்று திர்ஹம் என்ன ரேட்? மாற்று விகிதம் வீட்டுக்கு வரும் பணத்தை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று அறிய அந்தக் கேள்வி போதும். அதையே திருப்பிப் போட்டு, இப்படி வீடு வீடாக வரும் பணமெல்லாம் சேர்ந்து அந்த மாற்று விகிதத்தை என்ன செய்கிறது என்று கேட்டால், விடை அத்தனை எளிதில் கிடைப்பதில்லை. பொருளியல் படிக்கும் மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு இத்தலைப்பை எடுத்துக்கொண்டு, பணவரவு ஒரு கோடு, டாலர் விலை ஒரு கோடு என்று வரைபடம் போட்டு, இரண்டும் சேர்ந்து ஏறுவதைக் காட்டி முடித்துவிடுகிறார்கள். அந்த வரைபடம் பெரும்பாலும் எதையும் நிறுவுவதில்லை. எந்த வரிசையில் எதைப் பார்த்தால் நம்பத்தக்க விடை கிடைக்கும் என்பதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

நாட்டைத் தேர்ந்தெடுத்தல்

இந்தியாவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 2023இல் இந்தியாவுக்கு வந்த உழைப்புப் பணம் ஏறத்தாழ 12,000 கோடி டாலர். உலகில் வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு வருவதில்லை. ஆனால் இந்தியப் பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் அது 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டும் தொகைதான். ரூபாயின் விலையைக் கச்சா எண்ணெய் விலையும், பங்குச் சந்தைக்கு வந்து போகும் வெளிநாட்டு முதலீடும், அமெரிக்க வட்டி விகிதமும் உலுக்கும்போது, உழைப்புப் பணத்தின் பங்கைத் தனியே பிரித்தெடுப்பது மிகக் கடினம். மாறாக, நாட்டு உற்பத்தியில் கால் பங்கு அளவுக்கு இப்பணம் வரும் நேபாளம், 2013இல் பாதியை நெருங்கிய தஜிகிஸ்தான், ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும் எல் சால்வடோர், அண்டை நாடான இலங்கை ஆகியவை கற்றுக்கொள்ளத் தகுந்த களங்கள். தேர்ந்தெடுத்த நாட்டில், ஆண்டுப் பணவரவை மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: நாட்டு உற்பத்தி, பொருள் ஏற்றுமதி வருவாய், மத்திய வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு. ஏற்றுமதி வருவாயைவிடப் பணவரவு பெரிதாக இருக்கும் நாட்டில் நாணய மதிப்பு பற்றிப் பேசும்போது, ஆட்களை அனுப்புவதே அந்நாட்டின் முதன்மை ஏற்றுமதி என்று கொள்வதில் தவறில்லை.

கேரளம் ஒரு தனி நாடல்ல. அதற்குத் தனி நாணயமும் இல்லை. ஆனாலும் அதை ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டின் கேரள இடம்பெயர்வு ஆய்வு, மாநிலத்துக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை 2,16,893 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2018இல் அது 85,092 கோடி. பின்னால் வரும் ஒரு படியில், எல்லைக்கு இருபுறமும் வாழும் நமக்கு இந்த மாநிலத்தைப் போல் விளக்கம் தரும் எடுத்துக்காட்டு வேறில்லை.

நாணயம் எவ்வகையில் ஆளப்படுகிறது என்று முதலில் கேளுங்கள்

ஒரே அளவு பணம், நாணயத்தை ஆளும் முறையைப் பொறுத்து, வெவ்வேறு இடத்தில் போய் வெளிப்படும். நாணயம் சந்தையில் மிதக்கும் நாட்டில், வங்கிகளிடம் டாலர் கூடுதலாகச் சேரும்போது டாலரின் விலை இறங்கி உள்நாட்டு நாணயம் வலுப்பெறும். பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸை ஒட்டிப் பணம் குவியும் டிசம்பரில் பெசோவுக்கு ஒரு தெம்பு வருவதாகச் சந்தைக்காரர்கள் எதிர்பார்ப்பது இதனால்தான்.

நாணயம் மற்றொன்றுடன் கட்டி வைக்கப்பட்டிருக்கும் நாட்டில் விலைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் தெரியாது. நேபாள ரூபாய் 1993 முதல் ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 என்ற விகிதத்தில் நிற்கிறது. கத்தாரிலும் மலேசியாவிலும் நேபாளிகள் சம்பாதித்து அனுப்பும் பணம் எத்தனை மடங்கு பெருகினாலும் அந்த 1.60 அசையாது. வரும் டாலர் அந்நாட்டு மத்திய வங்கியான நேபாள ராஷ்டிர வங்கியின் கையிருப்பில் சேர்கிறது. அந்த வங்கி அதற்கு ஈடாக உள்நாட்டு ரூபாயை வெளியிடுகிறது. இந்தியாவிலிருந்து வாங்கும் பொருள்களுக்கு இந்திய ரூபாய் தேவைப்படுவதால், டாலரை விற்று அதை வாங்கிக்கொள்கிறது. ஆகவே நேபாளத்தில் தாக்கத்தைத் தேட வேண்டிய இடங்கள் இரண்டு: கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும் என்ற எண், உள்நாட்டுப் பணப் புழக்கமும் விலைவாசியும். பெருந்தொற்றுக்குப் பின் இறக்குமதி பெருகி, பணவரவு தளர்ந்தபோது, 1.60 அப்படியே இருக்கக் கையிருப்பு கரைந்தது. 2022 ஏப்ரலில் வாகனங்கள், மதுவகைகள் உள்ளிட்ட சில பொருள்களின் இறக்குமதியையே அரசு தடை செய்து, அவ்வாண்டு டிசம்பரில்தான் நீக்கியது. மாற்று விகித வரைபடத்தை மட்டும் பார்த்த ஒருவர், அவ்வாண்டில் நேபாளத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று எழுதியிருப்பார்.

சொந்த நாணயத்தையே விட்டுவிட்ட நாடுகளும் உண்டு. எல் சால்வடோர் 2001இல் அமெரிக்க டாலரையே தன் நாணயமாக ஏற்றுக்கொண்டது. அங்கே விகிதமும் இல்லை, கட்டும் இல்லை. வந்த பணம் நேராக விலையிலும் கூலியிலும் இறங்குகிறது.

நான்காவது வகைதான் ஆராய்பவரை ஏமாற்றும்: மிதப்பதாகச் சொல்லிக்கொண்டு, மறைமுகமாக இறுக்கிப் பிடிக்கப்பட்ட நாணயம். அதற்கு இலங்கையைப் போல் தெளிவான பாடம் அண்மையில் வேறெங்கும் கிடைக்கவில்லை.

எந்த வழியாகப் பணம் வருகிறது: இலங்கையின் கணக்கு

மத்திய வங்கி வெளியிடும் பணவரவுப் புள்ளிவிவரம், வங்கி வழியே வந்த பணத்தை மட்டுமே காட்டும். இலங்கையில் உண்டியல் என்றும், கேரளத்தில் குழல்பணம் என்றும், பொதுவாக ஹவாலா என்றும் சொல்லப்படும் வழியில் டாலர் நாட்டுக்குள் நுழைவதே இல்லை. தொழிலாளி தோஹாவில் ஒருவரிடம் ரியாலைக் கொடுக்கிறார். மட்டக்களப்பில் வேறொருவர் அவர் வீட்டுக்கு ரூபாயைக் கொடுத்துவிடுகிறார். அந்த ரியால் வெளியிலேயே நின்று, பெரும்பாலும் யாரோ ஒரு இறக்குமதியாளரின் சரக்குக்கோ தங்கத்துக்கோ விலையாகிவிடுகிறது. குடும்பத்துக்குப் பணம் வந்து சேர்ந்துவிட்டது; நாட்டின் வங்கிகளுக்கு அந்நியச் செலாவணி வரவில்லை.

இலங்கைக்கு வங்கி வழியே வந்த பணம் 2020இல் 710 கோடி டாலர். 2021இல் அது 549 கோடியாகவும், 2022இல் 379 கோடியாகவும் இறங்கியது. தொழிலாளர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்லத் தோன்றும். ஆனால் 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி இலங்கையிலிருந்து வெளியேறினார்கள். ஆள் எண்ணிக்கை ஏறும்போது பணம் இறங்குகிறது என்றால், பணம் நின்றுவிடவில்லை, வழி மாறியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். காரணத்தை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். 2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டாலர் 200 முதல் 203 ரூபாய்க்குள் பிடித்து நிறுத்தப்பட்டிருந்தது. 500 டாலர் அனுப்பும் ஒருவருக்கு வங்கியில் 202 ரூபாய் வீதம் 1,01,000 ரூபாய் கிடைக்கும். 2021 டிசம்பரில் மத்திய வங்கி அறிவித்தபடி டாலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகையையும் சேர்த்தால் 1,06,000. உண்டியல்காரர் டாலருக்கு 240 கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால் 1,20,000. மாதந்தோறும் 14,000 ரூபாயை நாட்டுப்பற்றுக்காக விட்டுக்கொடுக்கும்படி ஒரு வீட்டுப் பணிப்பெண்ணிடம் கேட்பது நியாயமல்ல. அவர் கேட்கவும் மாட்டார்.

இவ்வாறு, செயற்கையாக உயர்த்திப் பிடித்த விகிதமே பணத்தை வங்கியிலிருந்து விரட்டியது. விரட்டப்பட்ட பணம் வராததால் கையிருப்பு வற்றியது. கையிருப்பு வற்றியதால் விகிதத்தைப் பிடித்து நிறுத்த முடியாமல் போயிற்று. 2022 மார்ச் 7ஆம் நாள் பிடி தளர்த்தப்பட்டது. மே மாதத்தில் ஒரு டாலர் 360 ரூபாயை எட்டியது. இடையே ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை அரசு நிறுத்திவிட்டிருந்தது. சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று எழுதிவிடக் கூடாது: வரிக் குறைப்பு, சுற்றுலா முடங்கியது, கடன் தவணைகள் ஆகியவை அதனினும் பெரியவை. எனினும் விகிதங்களின் இடைவெளி மூடியபின் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது: வங்கிப் பணவரவு 2023இல் 597 கோடியாகவும் 2024இல் 657 கோடியாகவும் மீண்டது, ரூபாயும் ஓரளவு வலுத்து 300ஐ ஒட்டி நின்றது.

ஆகவே உங்கள் ஆய்வில் மூன்று தொடர்களை மாதவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: வங்கிப் பணவரவு, வெளிநாடு சென்றோர் எண்ணிக்கை, அரசு விகிதத்துக்கும் வெளிச்சந்தை விகிதத்துக்கும் உள்ள இடைவெளி. முதலாவது இறங்கி மற்ற இரண்டும் ஏறினால் அது பணவரவுக் குறைவல்ல, வழி மாற்றம். இதே கணக்கைக் கொண்டு 2020ஐயும் படிக்க வேண்டும்: விமானங்கள் நின்று, இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட அவ்வாண்டில் உண்டியலுக்கும் வேலை குறைந்ததால், வங்கி எண் இயல்பைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்க இடமுண்டு. ஒப்பீட்டுக்கு அடிப்படை ஆண்டாக அதை வைத்தால் சரிவு மிகையாகத் தோன்றும்.

வந்த பணத்தில் எவ்வளவு தங்குகிறது

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். நூறு டாலர் வந்து, அதில் எழுபது டாலர் கைப்பேசியாகவும் பெட்ரோலாகவும் தங்கமாகவும் வெளியே போய்விட்டால், நாணயச் சந்தையில் நிகரமாக நிற்பது முப்பது டாலர்தான். பணவரவு ஏறிய மாதங்களை அடுத்து இறக்குமதியும் ஏறுகிறதா என்று ஒன்று முதல் மூன்று மாத இடைவெளி விட்டுப் பாருங்கள். நேபாளத்தில் இறக்குமதி ஏற்றுமதியைப் போலப் பல மடங்கு இருப்பதால், அங்கே கசிவு மிகப் பெரிது.

விலைப் பலகையில் தெரியாத மதிப்பு

இனி, எல்லையோர வாசகருக்குச் சொந்தமான பகுதிக்கு வருகிறேன். நாணயத்தின் மெய்மாற்று விகிதம் என்பது, டாலருக்கு எத்தனை ரூபாய் என்ற எண்ணை இரு நாட்டு விலைவாசிகளாலும் திருத்திக் காண்பது. ஒரு நாட்டில் டாலர் ஆண்டு முழுவதும் 100 ரூபாயிலேயே நிற்கிறது, உள்நாட்டு விலைவாசி 12 விழுக்காடு ஏறியது, வெளிநாட்டில் 3 விழுக்காடு ஏறியது என்று கொள்வோம். 1.12ஐ 1.03ஆல் வகுத்தால் 1.087 வருகிறது. பலகையில் ஒரு பைசாகூட மாறாமலேயே, அந்நாட்டின் பொருள்கள் பிறநாட்டார் பார்வையில் ஏறத்தாழ 8.7 விழுக்காடு விலையேறிவிட்டன; அதாவது நாணயம் மெய்யாக அந்த அளவுக்கு வலுத்திருக்கிறது. இவ்வலுவால் ஏற்றுமதித் தொழில்கள் நலிவதை, 1970களில் நெதர்லாந்தில் இயற்கை எரிவாயு வருவாய்க்குப் பின் தொழில்துறை தளர்ந்ததை வைத்து டச்சு நோய் என்று குறிப்பிடுவார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அருகில் வீடு கட்டும் எவரும் விளக்குவார். குஜராத்திலிருந்து வரும் டைல்ஸின் விலை சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெரிதாக வேறுபடுவதில்லை. வேறுபட்டால் மறுபுறம் போய் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். அதைப் பதிக்கும் கூலியை அப்படி ஏற்றிக்கொண்டு வர முடியாது. ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரத்தில், 2021-22இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 830 ரூபாய்க்கு மேல். தமிழ்நாட்டில் 480க்குச் சற்றுக் கீழே. இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே ரூபாய்தான். எல்லை தாண்டி விற்கக்கூடிய பொருளின் விலை அசையாமல், தாண்ட முடியாத கூலி, மனை, வாடகை, கல்யாண மண்டபம், முடிவெட்டு ஆகியவற்றின் விலை மட்டும் ஏறியிருக்கும் இந்த இடைவெளிதான் மெய்மாற்று விகிதத்தின் உடல். பொள்ளாச்சிப் பக்கத்துக் கொத்தனாரும் சித்தாளும் காலைப் பேருந்தில் எல்லை தாண்டுவதும், வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் கேரளத்துக்கு ஆட்கள் வந்து குவிவதும், காய்கறிச் சாகுபடி தமிழ்நாட்டில் நடந்து சந்தை கேரளத்தில் இருப்பதும் அந்த இடைவெளியின் விளைவுகள். டாலரில் வாழும் எல் சால்வடோரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கேரளத்தின் கூலி உயர்வு முழுவதையும் வளைகுடாப் பணத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நிலச் சீர்திருத்தம், தொழிற்சங்கங்களின் வலிமை, கல்வி, குறைந்த பிறப்பு விகிதம், ஆட்களே வெளியே போய்விட்டதால் உண்டான பற்றாக்குறை ஆகிய அனைத்தும் அதில் கலந்திருக்கின்றன. கடைசியாகச் சொன்னது நுட்பமானது: பணம் வந்ததாலும் கூலி ஏறும், அந்தப் பணத்தை ஈட்டப் போன ஆள் ஊரில் இல்லாததாலும் கூலி ஏறும். எந்த நாட்டை ஆராய்ந்தாலும் இவ்விரண்டையும் பிரித்துப் பேச வேண்டும். பிரிக்க முடியாவிட்டால் முடியவில்லை என்றாவது எழுத வேண்டும்.

அளவிடுவதற்கு, நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பொதுவாக எடுக்காமல், அதற்குள் வீட்டு வாடகை, சேவைகள் என்ற பிரிவுகளைத் தனியாகவும், இறக்குமதி ஆகும் பொருள்களின் பிரிவைத் தனியாகவும் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் விகிதத்தைத் தொடர்ந்து பாருங்கள். சிறு நாடுகள் பலவற்றுக்குச் சர்வதேச அமைப்புகளின் ஆயத்த மெய்விகிதக் குறியீடு கிடைக்காதபோது இந்த வீட்டுக் கணக்கே கைகொடுக்கும். லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகள் 13ஐ வைத்து 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பணவரவு இருமடங்கானால் மெய்மாற்று விகிதம் சுமார் 22 விழுக்காடு வலுக்கும் என்று கண்டது. அந்த எண்ணை எடுத்து நேபாளத்துக்கோ பசிபிக் தீவு நாடான டோங்காவுக்கோ ஒட்டிவிடுவது தவறு. கசிவு எவ்வளவு, வேலையற்ற கைகள் எத்தனை என்பதைப் பொறுத்து அது பாதியாகவும் குறையலாம்.

எது காரணம், எது விளைவு

மிகக் கடினமான படி இதுதான். திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. சவூதி ரியால் அதற்கும் முன்பிருந்தே 3.75. ஆகவே டாலருக்கு எதிராக உள்நாட்டு நாணயம் விழும்போதெல்லாம் வளைகுடாத் தொழிலாளியின் சம்பளம் ஊரில் கூடுதல் ரூபாயாகிறது. கடன் அடைக்கவும் மனை வாங்கவும் காத்திருந்தவர்கள் அப்போது மொத்தமாக அனுப்புகிறார்கள். ஊரில் வெள்ளமோ நோயோ வந்தாலும் அனுப்புகிறார்கள். அதே வெள்ளம் நாணயத்தையும் விழச் செய்திருக்கும். இத்தகைய மாதங்களில் பணவரவு ஏறுவதையும் நாணயம் விழுவதையும் சேர்த்து வரைந்தால், பணம் வந்ததால் நாணயம் விழுந்தது என்ற தலைகீழ் முடிவு கிடைக்கும்.

இதிலிருந்து தப்ப, பெறும் நாட்டில் நடந்த எதனாலும் உண்டாகாத ஓர் அதிர்ச்சியைத் தேட வேண்டும். வேலை தரும் நாட்டின் நிலைமை அதற்குப் பொருந்தும். 2014இன் பிற்பகுதியில் எண்ணெய் விலை சரிந்து ரஷ்ய ரூபிள் வீழ்ந்தபோது, மாஸ்கோவில் கட்டட வேலை செய்த தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான் தொழிலாளர்கள் அனுப்பிய பணம் டாலர் மதிப்பில் சுருங்கியது. அந்நாடுகளின் நாணயங்களும் அடுத்தடுத்து விழுந்தன. அவர்கள் ஊரில் எதுவும் மாறாமலேயே பணவரவு மாறியது என்பதால், இந்நிகழ்வு காரணத்தை ஓரளவு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வாறே வளைகுடாவை நம்பிய நாடுகளுக்குக் கச்சா எண்ணெய் விலை பயன்படும். ஆனால் பெறும் நாடு எண்ணெயை இறக்குமதி செய்வதாக இருந்தால், அந்த விலை வேறு வழியிலும் நாணயத்தைத் தொடும் என்பதால் எண்ணெய் இறக்குமதிச் செலவைத் தனியே கழித்துக் காட்ட வேண்டும். 1990இல் குவைத் போரின்போது இந்தியாவுக்கு இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழுந்தன: ஏறத்தாழ 1,70,000 பேர் விமானங்களில் திரும்பினார்கள், எண்ணெய்ச் செலவும் ஏறியது. 1991 ஜூலை 1, 3 ஆகிய நாட்களில் ரூபாயின் மதிப்பு இரு தவணைகளில் குறைக்கப்பட்டதில் எது எவ்வளவு பங்கு என்று பிரிப்பது இன்றும் எளிதல்ல.

பணவரவு ஏறும்போது கண்டதை இறங்கும்போதும் எதிர்பார்க்காதீர்கள். மிதக்கும் நாணயம் இரு பக்கமும் நகரும். கூலியும் மனை விலையும் ஏறிய வேகத்தில் இறங்குவதில்லை. அவை இறங்குவதற்கு முன் வேலைவாய்ப்பு குறைந்து, கட்டிக்கொண்டிருந்த வீடுகள் பாதியில் நிற்கும். ஆகவே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டையும் ஒரே கெழுவில் (தாக்கத்தின் அளவைச் சொல்லும் ஒற்றை எண்ணில்) அடக்காமல் எழுதுங்கள்.

கடைசியாக மாதத் தரவைச் சீர்படுத்தும் இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஓணமும் கிறிஸ்துமஸும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வருவதால், ஆண்டுதோறும் ஒரே மாதங்களில் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழிக்கும் வழக்கமான பருவத் திருத்தம் கணினியில் அவற்றைக் கவனித்துக்கொள்ளும். ரமலான் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்வதால் அத்திருத்தத்துக்கு அகப்படாது. எனவே நோன்பு மாதத்துக்கும் பெருநாளுக்கும் தனி அடையாளக் குறி ஒன்றை (அம்மாதங்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0) தரவில் சேர்த்துவிட்டுப் பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.